யான் யோஹான்சன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவீடனின் ஜாஸ் பியானோ கலைஞர் யான் யோஹான்சனின் இசைத்தட்டை யாருக்காவது போட்டுக் காட்டினால், முதல் ஐந்து நிமிடம் அமைதி. பிறகு கேள்விகள் வரிசையாக வரும். பல ஆண்டுகளாக நான் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1931 செப்டம்பர் 16 அன்று சுவீடனின் கிழக்குக் கரையில் உள்ள சோடர்ஹாம்ன் என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். மின்பொறியியல் படிக்கப் போனார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஜாஸ் வாசிக்கக் கிளம்பினார். 1964-இல் வெளிவந்த அவருடைய ஓர் இசைத்தட்டு, சுவீடனில் மிக அதிகமாக விற்ற ஜாஸ் தட்டு என்ற பெயரைப் பெற்றது. இரண்டரை லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. 1968 நவம்பர் 9 அன்று கார் விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 37.

பெயரை எப்படிச் சொல்வது? ஜான் ஜோஹான்சன் இல்லையா?

ஆங்கில எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் வாய் போகும். ஆனால் சுவீடன் மொழியில் 'ஜ' எழுத்துக்கு 'ய' ஒலி. யான் யோஹான்சன். 'யான்' என்றால் நம் இலக்கியத் தமிழில் 'நான்' என்பது தற்செயலான வேடிக்கை. தன்னை முன்னிறுத்தாமல் வாசித்த ஒருவருக்கு இப்படி ஒரு பெயர்! ஜாஸ் என்ற சொல்லையே அங்கே 'யாஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. சுவீடனில் இந்தப் பெயர் தெருவுக்கு ஒருவருக்கு இருக்கும். இசைத்தட்டின் பெயரையும் சேர்த்துத் தேடினால்தான் சரியான ஆள் கிடைப்பார்.

சிறு வயதிலேயே ஜாஸ் கற்றுக்கொண்டாரா?

இல்லை. 11 வயதில் மேற்கத்திய செவ்வியல் பியானோவில் தொடங்கினார். கிதார், ஆர்கன், அக்கார்டியன் ஆகியவற்றையும் தொட்டுப் பார்த்தார். ஸ்விங், பீபாப் என்று ஜாஸ் பக்கம் திரும்பியபோது வயது 17. மேற்படிப்புக்குக் கோத்தன்பர்க் நகரின் சால்மர்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனார்.

இவருடைய வாசிப்பில் ஒரு பொறியாளரின் கணக்கு தெரிகிறது என்று எழுதுபவர்கள் உண்டு. படிப்பைத் தெரிந்துகொண்ட பிறகு காதில் விழும் கணக்கு அது என்பது என் சந்தேகம். எனக்குத் தெரிவதெல்லாம் சிக்கனம்தான். அது பொறியாளருக்கும் உண்டு, பழைய காலத்துப் பாட்டிக்கும் உண்டு.

அமெரிக்கக் கலைஞர்களோடு வாசித்திருக்கிறாரா?

நிறையவே. 1950-களின் இறுதியில் கோபன்ஹேகன் ஐரோப்பிய ஜாஸின் ஒரு தலைநகரம்போல இருந்தது. சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் அங்கே குடியேறியிருந்தார். பேஸ் (ஆழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) கலைஞர் ஆஸ்கர் பெட்டிஃபோர்டும் அங்கே வந்து சேர்ந்தார். யோஹான்சன் இருவரோடும் வாசித்தார்.

அமெரிக்க ஏற்பாட்டாளர் நார்மன் கிரான்ஸ் நடத்திய 'ஜாஸ் அட் தி ஃபில்ஹார்மோனிக்' சுற்றுப்பயணம் அன்றைக்கு ஜாஸ் உலகின் பெரிய மேடை. அதில் சேர அழைக்கப்பட்ட முதல் ஐரோப்பியர் இவர். 1960 மார்ச்சில் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் நடந்த கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ஸ் குழுவில் பியானோ யோஹான்சன், பேஸ் ரே பிரவுன், டிரம்ஸ் எட் திக்பென். அதே மாலையில் அதே மேடையில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் வாசித்தார், ஆஸ்கர் பீட்டர்சனும் வாசித்தார். பீட்டர்சன் பியானோவில் விரலால் வெள்ளம் ஓடவிடுபவர். அவர் வாசிக்கும் இடத்தில், குறைவாக வாசிக்கும் 28 வயது இளைஞர் ஒருவர் பதறாமல் உட்கார்ந்திருந்தார் என்பதே எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி.

பிறகு ஏன் அமெரிக்கா போகவில்லை?

1961-இல் அவர் போனது ஸ்டாக்ஹோமுக்கு. கிளாரினெட், சாக்ஸபோன் கலைஞர் ஆர்னே டொம்னேருஸின் குழுவில் சேர்ந்தார். சுவீடனின் வானொலி அப்போது ஜாஸ் கலைஞர்களுக்கு உண்மையாகவே வேலை கொடுத்தது. இசையமைப்பு, ஒத்திகை, ஒலிபரப்பு எல்லாம் அங்கேயே நடந்தது. 1961 முதல் 1968 வரையிலான எட்டு ஆண்டுகளுக்குள் அவருடைய முக்கியமான வேலை எல்லாம் அடங்கிவிடுகிறது.

அந்தப் புகழ்பெற்ற இசைத்தட்டு எது?

'யாஸ் போ ஸ்வென்ஸ்கா'. 'சுவீடன் மொழியில் ஜாஸ்' என்று பொருள். ஒரு பியானோ, ஒரு டபுள் பேஸ், வேறெதுவும் இல்லை. டிரம்ஸ் கிடையாது. 12 நாட்டுப்புற மெட்டுகள். பெரும்பாலானவை தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். 1962-க்கும் 1964-க்கும் இடையில் பதிவுசெய்து, முதலில் சிறு தட்டுகளாக வந்தவை. 1964-இல்தான் ஒரே பெரிய தட்டாக வந்தன. 'இதை ஒரு பெரிய படைப்பாகச் செய்வோம்' என்று உட்கார்ந்து செய்ததுபோல் இல்லாமல் துண்டு துண்டாக வளர்ந்ததால்தானோ என்னவோ, இதில் எந்தத் துண்டும் தன் அளவுக்கு மீறிப் பேசுவதில்லை.

தலைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். பாட்டு வரிகளே இல்லாத இசைக்கு 'சுவீடன் மொழியில்' என்று பெயர் வைத்திருக்கிறார். ஜாஸ் என்பது அமெரிக்காவில் பிறந்த பேச்சு. அதைத் தன் ஊர் உச்சரிப்பில் பேசிப் பார்க்கிறேன் என்கிறார்.

மெட்டுகள் எங்கிருந்து வந்தன?

இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனின் கிராமங்களில் பிடில் வாசித்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். நீல்ஸ் ஆண்டர்சன் என்ற சட்டம் படித்த மனிதர் ஊர் ஊராகப் போய் அவர்கள் வாசித்ததை இசைக்குறிப்பாக எழுதினார். அவர் 1921-இல் இறந்தபின் ஊலோஃப் ஆண்டர்சன் என்ற இன்னொருவர் வேலையைத் தொடர்ந்தார். 1922 முதல் 1940 வரை 'ஸ்வென்ஸ்கா லோத்தார்' என்ற பெயரில் 24 தொகுதிகள் வெளிவந்தன. ஏறத்தாழ 8,000 மெட்டுகள். நம் ஊரில் உ.வே.சா. ஏட்டுச்சுவடி தேடி அலைந்த கதையைப் படித்தவர்களுக்கு இந்த அலைச்சல் புரியும்.

அப்படிக் கிராமங்களில் புழங்கிய மெட்டுகள்தான் யோஹான்சன் எடுத்துக்கொண்டவை. தட்டிலுள்ள பெயர்களைப் பார்த்தாலே தெரியும். பல தலைப்புகளில் ஊர்ப் பெயர் இருக்கும், அல்லது மெட்டை வைத்திருந்த ஆளின் பெயர் இருக்கும். 'ஊத்தான்மீராவிலிருந்து ஒரு பாட்டு', 'மேடல்பாடிலிருந்து ஒரு போல்ஸ்கா', 'ஹூக் ஒல்லே வாசித்த போல்ஸ்கா' என்றிருக்கும். ஊத்தான்மீரா என்பது டாலர்னா மாநிலத்தில், சில்யான் ஏரியில் உள்ள ஒரு தீவில் இருக்கும் சிற்றூர். இன்று அந்த ஊரின் பெயர் உலகுக்குத் தெரிந்திருப்பதற்கு இந்த ஒரு பதிவுதான் முக்கியக் காரணம்.

'போல்ஸ்கா'வைப் போல்காவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். போல்கா இரண்டு தட்டு, துள்ளல். போல்ஸ்கா மூன்று தட்டு. முதல் தட்டிலும் மூன்றாம் தட்டிலும் அழுத்தம் விழும். அந்த நடையில் ஒரு லேசான நொண்டல் உண்டு, அதில்தான் அழகு.

மேய்ச்சல் மெட்டு ஒன்றும் உண்டு: 'யெம்ட்லாந்திலிருந்து ஒரு வல்லோத்'. கோடையில் மாடுகளை மலைமேட்டு மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிச் செல்வது அந்தக் காலத்தில் அங்கே பெண்களின் வேலை. தொலைவில் நிற்கும் மாட்டை அழைக்க உச்சக் குரலில் அவர்கள் கூவுவார்கள். மாட்டுக் கொம்பையும் ஊதுவார்கள். அந்தக் கூவல் பள்ளத்தாக்கில் நீண்டு போகும். பியானோவுக்கு அந்த வசதி இல்லை. அடித்த சுரம் அடித்த நொடியிலிருந்தே தேயத் தொடங்கிவிடும். பிடில்போல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகவும் முடியாது. யோஹான்சன் அந்தத் தேய்வையே பயன்படுத்திக்கொள்கிறார். ஒரு சுரத்தை அடித்துவிட்டு அது அடங்கும்வரை காத்திருக்கிறார். பதில் குரலுக்குக் காத்திருப்பவரைப்போல.

நாட்டுப்புற இசையையும் ஜாஸையும் முதலில் இணைத்தவர் இவர்தானா?

பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். தவறு. 1951-இலேயே ஸ்டாக்ஹோமுக்கு வந்த ஸ்டான் கெட்ஸ், பெங்த் ஹால்பெர்க் என்ற சுவீடன் பியானோ கலைஞரோடு 'ஆக் வெர்ம்லாந்து து ஷோனா' என்ற பழைய பாட்டை வாசித்துப் பதிவுசெய்தார். அது 'டியர் ஓல்டு ஸ்டாக்ஹோம்' என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. அடுத்த ஆண்டே அமெரிக்க டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அதைப் பதிவுசெய்தார். 1962-இல் பெங்த்-ஆர்னே வல்லின் ஒரு பெரிய குழுவை வைத்து நாட்டுப்புற மெட்டுகளுக்கு ஜாஸ் ஏற்பாடு செய்து ஒரு தட்டு வெளியிட்டார்.

எனவே முதல்வர் என்ற பட்டம் இவருக்கு வேண்டாம். வல்லின் மெட்டுக்குப் பட்டுச் சட்டை போட்டு, ஊர்வலமாக அழைத்துப் போனார். யோஹான்சன் அதைக் கட்டியிருந்த துணியோடு உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்துப் பேசவிட்டார். எனக்கு இரண்டும் பிடிக்கும். வீட்டில் திரும்பத் திரும்பச் சுழல்வது இரண்டாவது.

இது உண்மையில் ஜாஸா? மனோதர்மம், அதாவது அந்த நொடியில் தோன்றுவதை வாசிப்பது, எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி. அமெரிக்காவின் அதிவேக சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரைக் கேட்டு வளர்ந்த ஒருவர் என்னிடம் இதை 'உணவகத்தில் பின்னணியில் ஓடும் இசை' என்று சொல்லிவிட்டுப் போனார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதற்கும் காரணம் இருந்தது: தாழ்ந்த குரலில் பேசுபவரைக் கவனிக்காமல் விடுவது எளிது.

'ஊத்தான்மீரா' பாட்டையே எடுத்துக்கொள்வோம். முதல் முறை மெட்டை ஏறக்குறைய அப்படியே வைக்கிறார். இடது கை கீழ்ச் சுரங்களில் ஓரிரண்டு தொடுகிறது, அவ்வளவுதான். பிறகு வலது கை மெல்ல மெட்டை விட்டு இறங்குகிறது. அந்த இறக்கத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகையான புளூஸின் சாயல் வருகிறது. டாலர்னாவின் பழைய பாட்டும் மிசிசிப்பியின் புளூஸும் ஒரே தெருக்காரர்கள்போலப் பேசிக்கொள்கின்றன. தையல் எங்கே என்று தேடினால் கிடைக்காது. மெட்டு எங்கே முடிந்தது, மனோதர்மம் எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாத அளவுக்கு இரண்டும் கலந்திருப்பதால்தான் 'மனோதர்மமே இல்லை' என்று சிலருக்குத் தோன்றுகிறது.

அவரால் வேகமாக வாசிக்க முடியாது என்று நினைப்பவர்கள் 1961-இல் வந்த '8 பீத்தார் யோஹான்சன்' தட்டையும், அடுத்த ஆண்டு வந்த 'இன்னர்ட்ரியோ' தட்டையும் கேட்கலாம். டிரம்ஸ் உண்டு, ஓட்டமும் உண்டு.

பேஸ் வாசிப்பவர் யார்? அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

கேட்டதற்கு நன்றி. அவர் கியோர்க் ரீடல். 1934-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் கார்லோவி வாரி நகரில் பிறந்து, நான்கு வயதில் சுவீடனுக்கு வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. 2024-இல் இறந்தார்.

அந்தத் தட்டில் ரீடல் பக்கவாத்தியம் வாசிக்கவில்லை. யோஹான்சன் விட்டுவைக்கும் இடைவெளியில் வந்து ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறார். சில இடங்களில் பியானோவோடு வாதமே செய்கிறார். ஒருமுறை பியானோவை மறந்துவிட்டு, பேஸை மட்டும் காதால் பின்தொடர்ந்து முழுத் தட்டையும் கேட்டுப் பாருங்கள். வேறொரு தட்டு கேட்டதுபோல் இருக்கும்.

பியானோ ஏன் இவ்வளவு அருகில் ஒலிக்கிறது?

மைக்கை அருகில் வைத்துப் பதிவுசெய்து, மேலே எதிரொலியும் சேர்த்திருக்கிறார்கள். ஒலிப்பதிவாளர் ஊலோஃப் ஸ்வெம்பெல். அருகில் உட்கார்ந்திருப்பதும், பெரிய கூடத்தில் ஒலி பரவுவதும் ஒரே நேரத்தில் கேட்கும். உண்மையான எந்த அறையிலும் இப்படிக் கேட்காது. அன்றைய ஜாஸ் பதிவுகளில் இந்த ஒலியை அதிகம் கேட்க முடியாது. நான் முதலில் கேட்டபோது ஏதோ பழுதான பிரதி என்று நினைத்து ஒலிபெருக்கியின் கம்பியைச் சரிபார்த்தேன்.

இவர் இசை எப்போதும் இவ்வளவு சோகமாகத்தான் இருக்குமா?

'வடக்கின் துயரம்' என்று ஒரு சொல்லை இவர்மேல் ஒட்டிவிட்டார்கள். இருட்டு, பனி, தனிமை என்று அட்டைப் படத்திலிருந்து விமர்சனம்வரை அதே பல்லவி. தட்டில் துயரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 'எமிக்ரான்ட்வீசா' என்பது புலம்பெயர்ந்தவர்களின் பாட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1920-கள் வரை சுமார் 13 லட்சம் பேர் சுவீடனை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அந்த மெட்டைச் சிரித்துக்கொண்டு வாசிக்க முடியாது.

ஆனால் அதே தட்டில் நடன மெட்டுகள் இருக்கின்றன, கல்யாண ஊர்வல மெட்டுகளும் இருக்கின்றன. கேலியும் குறும்பும் அவரிடம் தாராளம். நம்பாதவர்கள் இரண்டு கேள்விகள் தாண்டி வாருங்கள்.

வேறு நாட்டு மெட்டுகளைத் தொட்டிருக்கிறாரா?

1967-இல் 'யாஸ் போ ரீஸ்கா', அதாவது ரஷ்ய மொழியில் ஜாஸ். இதில் டொம்னேருஸ், ரீடல், கிதார் கலைஞர் ரூனே குஸ்டாஃப்சன் எனப் பெரிய குழு. 'மாஸ்கோ புறநகர் மாலைகள்' என்ற மெட்டும் உண்டு. பழைய நாட்டுப்பாட்டு என்று பலர் நினைக்கும் அது, 1950-களில் சோவியத் இசையமைப்பாளர் சொலோவியோவ்-செடோய் எழுதியது. அடுத்த ஆண்டு டென்மார்க் வயலின் கலைஞர் ஸ்வெண்ட் அஸ்முசனோடு ஹங்கேரி மெட்டுகளுக்கு ஒரு தட்டு வந்தது. இரண்டும் நல்ல தட்டுகள்தான்; முதல் தட்டின் அந்த இரண்டு பேர் தனிமை இவற்றில் இல்லை.

சிறுவர் தொடருக்கும் இசையமைத்தாராமே?

ஆமாம். பிப்பி லோங்ஸ்ட்ரும்ப் என்ற செம்பட்டைச் சடைக்காரச் சிறுமியை அறிவீர்கள் அல்லவா? ஒற்றைக் கையில் குதிரையைத் தூக்குபவள், எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் படைப்பு. அவள் கதை தொலைக்காட்சித் தொடரானபோது, தலைப்புப் பாட்டின் வரிகளை லிண்ட்கிரென் எழுத, மெட்டமைத்தவர் யோஹான்சன். தொடர் 1969 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. மெட்டமைத்தவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மீதி இசையைப் பார்த்துக்கொண்டவர் ரீடல்.

இன்று சுவீடனிலும் ஜெர்மனியிலும் அந்த மெட்டைப் பாடத் தெரியாத குழந்தை அரிது. ஜாஸ் தட்டின் இரண்டரை லட்சமெல்லாம் இதற்குமுன் ஒன்றுமே இல்லை. பாடும் குழந்தைகளுக்கு அவர் பெயர் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஊத்தான்மீரா பாட்டுக்கு மெட்டமைத்தவரின் பெயர் கேட்பவர்களுக்குத் தெரியவா செய்கிறது?

எப்படி இறந்தார்?

யோன்ஷோப்பிங் நகரில் ஒரு தேவாலயக் கச்சேரிக்காகக் காரில் புறப்பட்டார். ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே சொல்லென்டூனாவில் விபத்து. அந்த ஆண்டில் மட்டும் 'மியூசிக் யெனோம் ஃபிரா சேக்லர்', அதாவது 'நான்கு நூற்றாண்டுகளின் இசை' என்ற இரட்டைத் தட்டை முடித்திருந்தார். வானொலி ஜாஸ் குழுவுக்குப் பெரிய படைப்புகள் எழுதிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளும் இசைக்கலைஞர்கள்தானா?

இருவரும். கேட்டால் சிரிப்பீர்கள்: இருவருமே ஹெவி மெட்டல், அதாவது காதைப் பிளக்கும் ராக் இசை. அப்பா இறந்தபோது ஆண்டர்ஸுக்கு ஆறு வயது, யென்ஸுக்கு ஐந்து. வளர்ந்து, மின்னல் வேகக் கிதார் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீனின் குழுவில் ஆண்டர்ஸ் டிரம்ஸும் யென்ஸ் கீபோர்டும் வாசித்தார்கள். பிறகு ஆண்டர்ஸ் ஹேமர்ஃபால் குழுவுக்கும், யென்ஸ் ஸ்ட்ராடோவேரியஸ் குழுவுக்கும் போனார்கள். அப்பா ஒரு நிமிடத்தில் வாசிக்கும் சுரங்களை மகன் ஒரு நொடியில் வாசித்துவிடுவார்.

ஆனால் அப்பாவின் பதிவுகளைத் தூசு தட்டி மறுபடி வெளிக்கொண்டு வந்ததும் இந்த இருவர்தான். ஹெப்டாகன் என்ற தங்கள் நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார்கள்.

எஸ்பியோர்ன் ஸ்வென்சன் இவருடைய வாரிசா?

சுவீடனின் இன்னொரு ஜாஸ் பியானோ கலைஞரான ஸ்வென்சன் 1964-இல், 'யாஸ் போ ஸ்வென்ஸ்கா' வந்த ஆண்டிலேயே பிறந்தவர். அவருடைய மூவர் குழு 2006-இல் அமெரிக்காவின் 'டவுன்பீட்' ஜாஸ் இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் ஐரோப்பிய ஜாஸ் குழு. 2008-இல் ஸ்டாக்ஹோம் அருகே கடலில் மூழ்கு நீச்சலின்போது இறந்தார், 44 வயதில். டிராம்போன் கலைஞர் நீல்ஸ் லாண்ட்கிரெனோடு சேர்ந்து நாட்டுப்புற மெட்டுகளுக்கென்றே 1997-இல் ஒரு தட்டும் செய்திருக்கிறார். அதில் யோஹான்சனின் வழி தெளிவாகவே தெரியும். அவருடைய மூவர் குழுவின் இசையோ ராக், மின்னொலி என்று வேறு திசையில் ஓடியது. இளம் வயது மரணத்தை வைத்து இருவரையும் ஒரே சட்டத்தில் மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

சுவீடன், ரஷ்யத் தட்டுகள் இரண்டும் சேர்ந்து 'ஃபோல்க்வீசோர்' என்ற ஒரே குறுந்தட்டாகக் கிடைக்கின்றன. முதல் 12 மெட்டுகளை மட்டும் முதலில் கேளுங்கள். வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள்.

நான் பியானோ கற்கிறேன். இந்த மெட்டுகளை வாசிக்க முடியுமா?

விரல்களுக்குச் சிரமமே இருக்காது. இரண்டாம் ஆண்டு மாணவர்கூட ஊத்தான்மீராவின் சுரங்களைப் பிடித்துவிடுவார். நானும் அப்படித்தான் ஒரே வாரத்தில் பிடித்தேன். பிறகு பதிவுசெய்து கேட்டேன். ஒவ்வொரு இடைவெளியிலும் அடுத்த சுரத்துக்கு நான் அவசரப்பட்டது அப்பட்டமாகக் கேட்டது. அந்தப் பதிவை அழித்துவிட்டேன். மூன்றாம் அடியின் முடிவில் எத்தனை நொடி காத்திருப்பது என்று இப்போதும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.